மலைநாட்டில் நான் வினாத்தாளாக இருந்தேன்

கடல் கடந்து செல்வோர் வாணிகம் கருதியோ, உறவு கருதியோ, தரிசனம் கருதியோ செல்வதைக் கண்டிருக்கிறேன். எழுபது வயதை நெருங்கிய காலத்தில் நான் ஒரு வினாத்தாளாகச் சென்றேன். என்னைப் படித்து, புரிந்துகொண்டு, விடை எழுதச் சில மாணவர்கள் இலங்கையின் மலைநாட்டில் காத்திருந்தார்கள்.

எண்பதுகள் தொடங்கிய நேரம் அது. அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சுற்றுலா முகாமைத்துவம் என்று ஒரு படிப்பைப் புதிதாக வைத்திருந்தார்கள். நாம் மேலாண்மை என்று சொல்வதை அங்கே முகாமைத்துவம் என்கிறார்கள். ஆசிரியரை விரிவுரையாளர் என்கிறார்கள். அத்தகைய விரிவுரையாளர்களில் ஒருவர் புஷ்பராணி. முப்பது வயதுக்கு மேல் இராது. நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்க்கென்று வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்து படித்து மேலேறியவர். நான் துறையூரிலிருந்து ஆண்டுதோறும் அடியார் கூட்டம் ஒன்றைப் பாடல் பெற்ற தலங்களுக்கு அழைத்துச் செல்லும் வழக்கமுடையவன். ஒரு கருத்தரங்குக்காகத் திருச்சிக்கு வந்த புஷ்பராணி, நாங்கள் யாத்திரை போகும் முறையைப் பார்க்க விரும்பி எங்கள் பேருந்தில் ஏறிக்கொண்டார். பதிகம் பாடும்போது கண்மூடிக் கேட்டார். பேருந்து பழுதாகி நின்றபோது எங்களோடு சேர்ந்து தள்ளவும் செய்தார். அப்படி ஏற்பட்டது எங்கள் பழக்கம்.

அவருடைய எண்ணம் எளிமையானது. சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் பருவந்தோறும் ஹட்டன், நோர்வூட் வழியாகவே செல்கிறார்கள். கடை வாசல்களில் குளிரில் சுருண்டு படுக்கிறார்கள். வழியிலுள்ள லயத்துக் குடும்பங்கள் அவர்களுக்கு ஓர் இரவு இடமும் உணவும் கொடுத்தால் அவர்களுக்கும் நிம்மதி, இவர்களுக்கும் வருவாய். இதற்கென்றே 'யாத்திரிகர் வரவேற்பு' என்று ஒரு பாடத்தை வகுத்து மாணவர்களுக்குக் கற்பித்தார். அவருடைய பெரியம்மா மருதாயியும் அந்த லயத்துப் பெண்களும் விருந்தினரை ஏற்கச் சம்மதித்திருந்தார்கள். உடன் பணிபுரிந்த விரிவுரையாளர்கள் கடற்கரை விடுதிகளையும் யானைகளையும் பற்றிக் கற்பித்துக்கொண்டு, இவரைச் சற்றே இரக்கத்தோடு பார்த்தார்களாம். துறைத் தலைவர் கருணாரத்ன என்ற பெரியவர் மட்டும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். உண்மையான யாத்திரிகர் ஒருவரை மாணவர்கள் சில நாள் வரவேற்று நடத்திக் காட்ட வேண்டும். சரியாக அமைந்தால் பாடம் நிலைக்கும். இல்லையேல் அடுத்த ஆண்டு அந்த இடத்தில் இன்னொரு கடற்கரைப் பாடம் வந்துவிடும்.

அந்த யாத்திரிகன் நான்.

தேர்வுக்கு விதிகள் இருந்தன. ஏற்பாடுகள் யாவும் மாணவர்களுடையவை. புஷ்பராணியும் தலைவரும் உடன் வருவார்கள். ஆனால் ஏற்பாடுகளைப் பற்றி மாணவர்களிடமோ என்னிடமோ ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் தேர்வு செல்லாது. நானும் யாரேனும் கேட்டாலொழியக் குறை சொல்லக் கூடாது. "கோயில்ல சாமி மாதிரி இருந்தாப் போதுங்க ஐயா," என்று புஷ்பராணி சிரித்தார். சாமிக்கு வேளை தவறாமல் நைவேத்தியம் உண்டு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஹட்டன் நிலையத்தில் இறங்கிய மாலையில் மூடுபனி தண்டவாளம் வரை இறங்கி வந்திருந்தது. கொல்லிமலையின் குளிரை அறிந்தவன் நான். இது வேறு குளிர், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிடுவது போன்றது. ஆனால் அதைவிட என்னை நிறுத்தியது காதில் விழுந்த பேச்சு. மூட்டையோடு ஓடிவந்த பெண்ணொருத்தி பின்னால் வந்தவளைப் பார்த்து, "ஏன்டி இப்புடி அசஞ்சி அசஞ்சி வர்ற? ரயிலு என்னா ஒங்க மாமனா, ஒனக்காவ நிக்கிறதுக்கு?" என்றாள். முசிறிச் சந்தையில் நிற்பதாகவே ஒரு கணம் மயங்கினேன். அயல்நாடு என்று எண்ணிக் கால் வைத்த இடத்தில் எங்கள் மாவட்டத்து ஏச்சும் பேச்சும் அப்படியே இருந்தன.

மாணவர்களுக்குத் தலைவி தேவகி. ஹட்டனில் ஓர் ஆசிரியரின் மகள். சுறுசுறுப்பான பெண். என் பையை வாங்கிக்கொண்டு, நிலையத்துச் சிற்றுண்டிக் கடையிலிருந்து தட்டை நீட்டினாள்.

"ஐயா, வடை சுடச்சுட இருக்குங்க. பிளேன்டியும் சொல்லியிருக்கேன்."

பிளேன்டி என்பது பால் கலவாத தேநீர். குளிருக்கு அமிழ்தமாக இருந்திருக்கும். ஆனால் மாலை வழிபாடு முடியாமல் நான் எதையும் வாயில் வைப்பதில்லை. "வேண்டாம் அம்மா," என்றேன். தாகத்துக்கு என் செம்பிலிருந்த நீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். தேவகி தட்டைப் பின்னுக்கு இழுத்து, தோழர்களிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். பொறுப்புள்ள பிள்ளைகள் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அன்றிரவு விடுதியில் வழிபாட்டை முடித்துவிட்டு வந்தால், மேசைமேல் பாலும் வாழைப்பழமும் இருந்தன. யாத்திரையில் முதல்நாள் எளிய உணவு நல்லதுதான் என்று உண்டு படுத்தேன்.

மறுநாள் எங்களை நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்றார்கள். வேனை ஓட்டியவர் சூசை. டயகம என்ற ஊர்க்காரர், கத்தோலிக்கர், நாற்பது வயது. கண்ணாடிக்கு மேலே மாதா படமும், அதன் பக்கத்தில் யாரோ கொடுத்த கதிர்காமத்து முருகன் படமும் ஒட்டியிருந்தார். "ரெண்டு பேரும் ஒத்துமையாத்தான் இருக்காங்க ஐயா. வளைவு வந்தா மட்டும் யார கூப்பிடுறதுன்னு எனக்குத்தான் கொழப்பம்," என்றார். மாணவர்கள் விடியுமுன்பே பேருந்தில் முன்சென்று, நாங்கள் நிற்கும் இடங்களில் எல்லாம் ஏற்பாடு செய்துவைப்பார்கள். நாங்கள் பின்னால் செல்வோம்.

வழியெங்கும் தேயிலை. சீவி வாரிய தலைபோல் மலைகள். கொழுந்து பறிக்கும் பெண்கள் நெற்றியில் கயிறு தாங்க, முதுகில் கூடையோடு சரிவில் நின்றார்கள். தலவாக்கலைக்கு அருகே ஓர் அருவி தூரத்தில் வெள்ளாடைபோல் தொங்கியது. மலையும் அருவியும் கண்ட இடத்தில் பாடத் தோன்றுவது என் பழக்கம், பாடினேன். தலைவர் கருணாரத்னவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் தொடையில் விரலால் மெல்லத் தாளமிட்டார்.

நுவரெலியாவை உதகமண்டலத்தின் உடன்பிறப்பு என்று சொல்லலாம்: அதே வெள்ளைக்காரர் வீடுகள், அதே ரோஜா, அதே குதிரைப் பந்தயத் திடல். உதகையில் இல்லாத ஒன்றும் இருந்தது. நான் எங்கே சென்றாலும் உணவு என்னைக் கண்டு ஒளிந்துகொண்டது. ஒரு கடைக்குள் நுழைந்தோம். முதலாளி அவசரமாக எழுந்து, கண்ணாடிப் பெட்டியிலிருந்த வடை, ரொட்டி எல்லாவற்றின்மீதும் துணி போர்த்தினார். மேசைகளில் உண்டுகொண்டிருந்தவர்கள் கூடச் சற்றுத் திரும்பி உட்கார்ந்தார்கள். எனக்கு முன் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. நகருக்கு வெளியே ஒரு சிறிய முருகன் கோயிலில் பதிகம் பாடிவிட்டு நின்றேன். குருக்கள் சுண்டல் தொன்னையை எடுத்தார். தூணருகே நின்ற தேவகி சைகை காட்டினாள். தொன்னை திரும்பிப் போயிற்று. திருநீறு மட்டும் என் கைக்கு வந்தது.

திருநீற்றுக்குப் பசி தீர்க்கும் ஆற்றல் உண்டா என்று அன்று மாலை எண்ணிப் பார்த்தேன். அப்படி எண்ணியதற்காக உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

வேனுக்குத் திரும்பியபோது சூசை உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டாயிற்றா சூசை?"

"லேசாத்தாங்க ஐயா. ஒரு நாலு தோசை."

"இங்கே தோசை இருக்கிறதா?"

அவர் புஷ்பராணியைப் பார்த்தார். புஷ்பராணி சன்னலுக்கு வெளியே பார்த்தார். "எனக்கும் பேச ஓடர் இல்லைங்க ஐயா," என்று சூசை வண்டியைக் கிளப்பினார்.

இந்த நாட்டில் சில ஆண்டுகளுக்கு முன் உணவுக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்தது என்றும், தோட்டத்து மக்கள் மாவுக்காக வரிசையில் நின்று வாடினார்கள் என்றும், இங்கிருந்து எங்கள் பக்கம் திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்னும் அந்தத் தட்டுப்பாடு தீரவில்லை போலும். இருப்பதை மறைத்துவைத்து உண்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் வாய் திறந்து கேட்பது அழகல்ல. இவ்வாறு நானே ஒரு விளக்கம் செய்துகொண்டு, எஞ்சிய வாழைப்பழத்தை உரித்தேன்.

மூன்றாம் நாள் முழுநிலா. பௌத்தர்களுக்குப் போயா விடுமுறை. தோட்டத்தில் வேலை இல்லை. எனக்கோ ஐப்பசிப் பௌர்ணமி. எங்கள் ஊர்ச் சிவாலயத்தில் அன்று அன்னாபிஷேகம். வடித்த சோற்றைக் குவித்து இலிங்கத் திருமேனியையே மறைத்துவிடுவார்கள். பின்னர் அந்தச் சோறு ஊருக்கே வழங்கப்படும். அந்த நினைவோடு வேனில் ஏறினேன். அன்றுதான் நோர்வூட்டுக்கு அப்பால் புஷ்பராணியின் தோட்டத்துக்குப் போகிறோம்; தேர்வின் முதன்மையான பகுதி அதுதான். புஷ்பராணி புதுச்சேலை உடுத்தியிருந்தார். கைக்குட்டையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

நோர்வூட்டைத் தாண்டியதும் ஒரு வளைவில் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி குறுக்கே நின்றது. அது நகர்ந்ததும் எங்கள் வேன் நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி பறந்தது. சூசை இரு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாளியோடு ஓடைக்கு இறங்கினார். தலைவர் கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்தார். உச்சிப்பொழுது கடந்தபோது ஒரு பெருமூச்சு விட்டு, பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

லயத்தை அடைந்தபோது மேகம் சற்று விலகி, தொலைவில் அந்த மலை தெரிந்தது. கூம்பிய கைகள் போன்ற சிகரம். சிவனொளிபாதம் என்று நாம் தொழுவதைப் புத்தர் பாதம் என்று பௌத்தர்கள் தொழுகிறார்கள். நானும் கருணாரத்னவும் ஒரே நேரத்தில் கைகுவித்தோம். பின் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

வாசலில் கோலம், மாவிலைத் தோரணம். வெள்ளைத் துணி விரித்த நாற்காலியில் என்னை அமர்த்தி மாலை இட்டார்கள். அதற்குமேல் ஒருவரும் நெருங்கவில்லை. நாற்காலியைச் சுற்றி ஒரு வெற்றிடம் இருந்தது. பிள்ளைகள் அதன் விளிம்புக்கு வந்தால் பெரியவர்கள் பிடித்து இழுத்தார்கள். தலைவருக்கோ தட்டு நிறைய ரொட்டியும், தேங்காய்த் துவையல் போன்ற சம்பலும், வடையும் வந்தன. அவர் நன்றி சொல்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றையும் தொடவில்லை. ஒரு பெண் மேலும் ஒரு ரொட்டியை வைத்தாள். அவர் அதற்கும் நன்றி சொன்னார். கோதுமை மாவில் தேங்காய்ப்பூ கலந்து கல்லில் சுட்ட ரொட்டி. அதன் மணம் ஏழு வீடுகளைக் கடந்து என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் வாழைப்பழம்.

மருதாயி யார் என்று யாரும் காட்டவில்லை. ஆனால் ஒரு கதவுநிலையில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி நின்ற அம்மையார் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. புஷ்பராணியின் நெற்றியே அவருக்கும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அவரிடம் பேசினாள். குரலைத் தாழ்த்த அவள் சிரமப்படவில்லை.

"வெள்ளக்காரத் தொரைங்க காலத்துலயே, பொங்கலுக்கு வந்தா ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவாங்களாம் அக்கா. இவரு நம்ம தொறையூரு சாமி. நம்ம வீட்டுத் தண்ணி கூடப் படக்கூடாதாம்."

"நம்ம ஊருன்னு நாமதான் சொல்லிக்கணும்," என்றார் மருதாயி. "அவுங்க அங்க நம்மள எங்க நிறுத்தி வச்சாங்களோ, அங்கயேதான் இன்னும் நிறுத்தி வச்சிருக்காங்க. கப்பலேறி வந்து நூறு வருசமாச்சு. அது மட்டும் எறங்கல."

இரண்டு நாள் வாழைப்பழம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. போர்த்திய துணி, திரும்பிப் போன சுண்டல், சுற்றியிருந்த வெற்றிடம், யாவும் விளங்கின. நிலையத்தில் நான் ஒருமுறை வேண்டாம் என்றதையும், என் செம்பில் அண்ணாந்து குடித்ததையும் பார்த்த பிள்ளைகள், இவர் பிறர் கைபட்ட எதையும் உண்ணமாட்டார் என்று முடிவு செய்து, போகுமிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். விருந்தினர் வாய்திறக்குமுன் அவர் விருப்பத்தை நிறைவேற்ற வேண்டும், மறுத்ததை இரண்டாம் முறை நீட்டக் கூடாது என்பது அவர்கள் படித்த பாடம். அன்பினால் செய்தது, ஆனால் இந்த வாசலில் அது பழைய அவமதிப்பாக வந்து இறங்கியிருந்தது.

மருதாயி இப்போது புஷ்பராணியை நேராகப் பார்த்துப் பேசினார்.

"ஏன் புஷ்பம், நீ படிச்சி மிஸ்ஸாகி, மொத மொதல்ல ஒரு ஆள நம்ம வாசலுக்குக் கூட்டியாந்தே. கூட்டியாந்துட்டு, ஒங்க கையால எதுவும் குடுத்துறாதீங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி அனுப்புனியே! நீ எந்த வீட்டுச் சோறு தின்னு வளந்த?"

"பெரியம்மா..."

"மலைக்குப் போற சாமிமாரு எல்லாம் இப்புடித்தான்னா எங்களுக்கு வேணாம். கடை வாசல்லயே படுத்துக்கிடட்டும். நாங்க கொழுந்து எடுத்துப் பொழச்சிக்கிறோம்."

மற்றப் பெண்கள் ஆமோதித்தார்கள். தலைவருக்குச் சொற்கள் புரியவில்லை. ஆனால் நடப்பது புரிந்தது. மடியிலிருந்த தட்டோடு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் என் கண்முன் சரிந்துகொண்டிருந்தது. புஷ்பராணி வாய் திறந்து என்னிடம் கேட்டால் தேர்வு செல்லாது. கேட்காவிட்டால் இந்த வாசல் அவருக்கு இனி இல்லை. தேவகி அவர் சேலை முந்தானையைப் பற்றி, "மிஸ், பேசாதீங்க மிஸ், சேர் பாக்குறாரு," என்று தலைவர் பக்கம் கண்ணைக் காட்டிக் கெஞ்சினாள். விதி கிடக்கட்டும் என்று நான் எழுந்தேன். எனக்கு முன்னால் புஷ்பராணி வந்து நின்றார்.

"ஐயா, எங்க பெரியம்மா வீட்டுல சாப்புடுவீங்களா?"

அவ்வளவுதான் கேள்வி. எத்தனையோ ஏற்பாடுகளுக்கிடையே ஒருவரும் கேளாத கேள்வி.

"வழிபாடு முடிந்தால் யார் வீட்டிலும் சாப்பிடுவேன் அம்மா," என்றேன். "முந்தாநாள் வடையை வேண்டாம் என்றது அதற்காகத்தான். மீனும் இறைச்சியும் ஆகாது, வேறு தடையில்லை. உண்மையைச் சொன்னால், பசியில் எனக்குக் கண் இருட்டுகிறது."

சூசை வேனிலிருந்து வெடித்துச் சிரித்தார். அடுத்து லயமே சிரித்தது. மருதாயி மட்டும் சிரிக்கவில்லை.

தேவகியின் முகம் சிவந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. நேரே தலைவரிடம் போய், சிங்களத்தில் ஏதோ கேட்டாள். புஷ்பராணி எனக்கு மெல்ல மொழிபெயர்த்தார். "சேர், நீங்களும் ஒன்றும் சாப்பிடவில்லையே, ஏன்?" என்று கேட்டாளாம்.

"போயா நாளில் நண்பகலுக்குப் பின் நான் உண்பதில்லை," என்றார் கருணாரத்ன. "நேரத்தோடு வந்து உண்ணலாம் என்றிருந்தேன். வேன் விடவில்லை. மறுத்தால் இவர்கள் மனம் நோகும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பல ஆண்டுகளாக எல்லாப் போயாவிலும் யாராவது என் தட்டை நிறைக்கிறார்கள். கேட்டவள் நீ ஒருத்திதான்."

தட்டு அவர் மடியிலிருந்து எழுந்தது. சம்பலில் மாசிக் கருவாடு இருந்ததால் என்னிடம் வரவில்லை, சூசையிடம் போயிற்று. "இதும் ஒரு ஊழியந்தான்," என்று அவர் வாங்கிக்கொண்டார்.

நேரம் தவறிய நண்பகல் வழிபாட்டுக்காக லயத்தின் மேற்கே இருந்த மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தகரக் கூரை, மழை பெய்தால் மேளம் வேண்டியதில்லை. அம்மன் மஞ்சள் பூசி, செவ்வரளி சூடி, சிறுமிபோல் இருந்தாள். பதிகத்தைத் தொடங்கினேன். பெண்கள் வந்து நின்றார்கள். ஐந்தாம் பாட்டு முடிந்ததும் பின்னாலிருந்து சூசையின் குரல் வந்தது.

"ஐயா, இன்னும் எத்தனைங்க? கல்லுல ரொட்டி போட்டாச்சு."

"மொத்தம் பதினொன்று."

"மாதாவே," என்றார் அவர்.

ஒரு பாட்டையும் விடாமல் முடித்துவிட்டு வந்தேன். நாற்காலியை எடுத்துவிட்டு வீட்டுக்குள் பாய் விரித்திருந்தார்கள். புகை படிந்த சிறிய அறை. சுவரில் சாமிப் படங்கள். மருதாயி எனக்கு எதிரே குந்தினார்.

"மாசி போடாம தனியா அரச்சிருக்கேன். வெங்காயம் ஆவுங்களா?"

"வெங்காயம் வேண்டாம் அம்மா."

"கேட்டது நல்லதாப் போச்சு," என்று அம்மியைத் திருப்பிக்கொண்டு, தேங்காயும் மிளகாயும் மட்டும் வைத்து மறுபடி அரைத்தார். அந்த 'கேட்டது' புஷ்பராணிக்காகச் சொன்னது. ஆனால் குரல் இன்னும் இறுகித்தான் இருந்தது. ரொட்டிக்கு முன் தேநீர் வந்தது. என் உள்ளங்கையில் சிறிது சீனி வைத்தார். அதை நக்கிக்கொண்டே குடிப்பது அங்குள்ள முறை. சூடான டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, அவர் நகரவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

அறிந்த நாள் முதல் நான் எதையும் உதடு படாமல் அண்ணாந்தே குடித்துவருபவன். எங்கள் வீட்டில் அது தூய்மைப் பழக்கம். சொந்த மகள் கொடுக்கும் பாலானாலும் அப்படித்தான். கை தானாக டம்ளரை முகத்துக்கு மேலே உயர்த்தியது. அப்போதுதான் வாசலில் நின்ற பெண்களின் முகங்களைக் கண்டேன். சிரிப்பு நின்றிருந்தது. அண்ணாந்து வாங்கிய தண்ணீரின் கதை அவர்களுக்கும் தெரியும். அதில் அவர்கள் ஊற்றுகிறவர் கைக்குக் கீழே நின்றவர்கள்.

குலம் கேளாமல் அடியாரைத் தொழச் சொல்லும் அடிகளை நான் நாள்தோறும் பாடுகிறேன். நாவுக்கு அவை எளிதாக வரும். உதட்டுக்கு வரச் சற்று நேரமாயிற்று.

டம்ளரை இறக்கி, விளிம்பை வாயில் வைத்துக் குடித்தேன். துவர்ப்பும் சூடும் புகைமணமும் கூடிய தேநீர். பழக்கமில்லாததால் மேலுதடு சுட்டுவிட்டது. முகத்தைச் சுளித்தேன் போலும்.

"மெதுவா, மெதுவா," என்றார் மருதாயி. அவர் முகம் தளர்ந்தது அப்போதுதான். "ஊதிக் குடிங்க. யாரும் புடுங்கிக்கிட்டுப் போவ மாட்டாங்க."

பிறகு ரொட்டி வந்தது. எத்தனை உண்டேன் என்று சொல்ல எனக்கு நாணமாக இருக்கிறது. ஊரில் அந்நேரம் இறைவனுக்கு அன்னம் சாற்றியிருப்பார்கள். நான் அடியவன், எனக்குக் கோதுமை ரொட்டி சாற்றினார்கள். புஷ்பராணி பெரியம்மாவின் பக்கத்தில் தரையில் அமர்ந்து அதே தட்டிலிருந்து பிய்த்துத் தின்றார். ஒருமுறை பெரியம்மா அவர் தலையில் விரலால் குட்டினார். புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் வாசல் திண்ணையில் வரிசையாக இருந்தன. என்னுடையது எது என்று அடையாளம் தெரியவில்லை.

இருட்டுமுன் விடுதிக்குத் திரும்பினோம். தேர்வு செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஹட்டன் நிலையத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். மாணவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். கருணாரத்ன எனக்கு விடை கொடுத்துவிட்டு, புஷ்பராணி பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

"விதிப்படி தேர்வு செல்லாது. செல்லும் என்றாலும் அனைவரும் தோல்விதான். ஒரு முதியவரை இரண்டு நாள் பட்டினி போட்டிருக்கிறார்கள்."

"ஆமாம் சேர்," என்றார் புஷ்பராணி.

"முதல் முறையிலேயே எல்லோரும் தேறிவிடும் பாடத்தை எதற்குக் கற்பிக்க வேண்டும்? கடற்கரைப் பாடத்தில் ஒருவர்கூடத் தோற்பதில்லை. இந்தப் பாடம் இருக்கட்டும். அடுத்த ஆண்டு மறுதேர்வு." சற்று நிறுத்தி, "ஆனால் அந்தப் பெண்கள் இனி வரவேற்பார்களா என்பதை நான் முடிவுசெய்ய முடியாது," என்றார்.

புஷ்பராணி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. மேலுக்குப் போர்த்தியிருந்த சால்வையை மட்டும் இழுத்து இறுக்கிக்கொண்டார். பாதி விடைதான் வந்திருந்தது.

வண்டி வந்து நின்றது. நான் ஏறி சன்னலோரம் அமர்ந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சூசை ஓடிவந்தார். கையில் வாழையிலையில் பொதிந்து துணியில் முடிந்த பொதி. விடியலில் நோர்வூட் பக்கம் போய்வந்திருக்கிறார்.

"ஐயா, மருதாயி அக்கா குடுத்தாங்க. பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே எந்திரிச்சி சுட்டிருக்காங்க. வெங்காயம் இல்ல, மாசி இல்ல." பெரட்டு என்பது வேலைக்கு ஆள் பிரிக்கும் அதிகாலைக் கூட்டம். பிறகு புஷ்பராணி பக்கம் திரும்பினார். "மிஸ், ஒங்களுக்கும் ஒரு சேதி. பருவம் தொறந்ததும் மலைக்குப் போற சாமிமாரு இருந்தா அனுப்பி வைக்கச் சொன்னாங்க. மத்த பொம்பளைங்களும் சரின்னுட்டாங்களாம்."

புஷ்பராணி சால்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லச் சொன்னாங்க," என்றார் சூசை, நகரத் தொடங்கிய வண்டியோடு நடந்தபடியே. "பதினோரு பாட்டுப் பாடுற சாமிமாரா இருந்தா முன்னாடியே சொல்லிறணுமாம். ரொட்டிய பாத்துத்தான் கல்லுல போடணுமாம்!"

நடைமேடை முழுதும் சிரித்தது. தேவகி சன்னலோடு ஓடிவந்து, "ஐயா, கொழும்பு போற வரைக்கும் இது போதுங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டுவிட்டாள் என்ற மகிழ்ச்சியில் எனக்கு விடை சொல்லத் தோன்றவில்லை. பொதியை உயர்த்திக் காட்டினேன்.

வண்டி வளைந்தது, நிலையம் பனிக்குள் மறைந்தது. காலை வழிபாட்டை அன்று நிலையத்துக்கு வருமுன்பே, பதினோரு பாட்டும் குறையாமல் முடித்திருந்தேன். முடிச்சை அவிழ்த்தேன். ரொட்டியில் இன்னும் சூடு இருந்தது.